பாலிடனல் வாங்குவோரும் எழுதப்படாத எண்களும்

வளைத்த இரும்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் பாலித்தீன் தாளை இழுத்துப் போர்த்தி அமைக்கும் பசுமைக்குடிலைப் பிரித்தானியாவில் பாலிடனல் என்கின்றனர். கண்ணாடிக் குடிலைவிட விலை குறைவு என்பதாலும், குளிர் நீடிக்கும் அந்நாட்டில் விதைப்பைச் சில வாரங்கள் முன்தள்ளி அறுவடையைச் சில வாரங்கள் பின்தள்ள அது உதவுவதாலும், வீட்டுத் தோட்டங்களிலும் அலாட்மென்ட்களிலும், அதாவது உள்ளாட்சி மன்றங்களோ சங்கங்களோ ஆண்டு வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத் துண்டுகளிலும், அது பரவலாகக் காணப்படுகிறது. நூறு பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட விலையிலும் ஆயிரம் பவுண்டைத் தாண்டிய விலையிலும் அதே பெயரில், ஏறக்குறைய அதே ஒளிப்படத்துடன் இரு பொருள்கள் விற்பனைக்கு நிற்பதே இத்துறையின் முதல் சிக்கல். வணிகச் சாகுபடிக் குடில்களின் வடிவமைப்புக்கு இஎன் 13031 என்ற ஐரோப்பியத் தரநிலையும், போர்வைத் தாளுக்கு இஎன் 13206 என்ற தரநிலையும் இருந்தபோதிலும், முன்னது வீட்டுத் தோட்டக் குடிலைக் கருத்தில் கொண்டு எழுதப்பட்டதன்று. ஆகவே ‘உறுதியானது’, ‘எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது’ போன்ற சொற்களை விற்பவர் எவரும் தம் விருப்பம்போல் ஒட்டிக்கொள்ள முடிகிறது.

இந்நிலையில் தரத்தைக் கண்டறியவும், பின்னால் தகராறு எழுந்தால் உரிமையை நிலைநாட்டவும் உதவுவன எண்களே. குழாயின் வெளிவிட்டம், அதன் சுவரின் தடிப்பு, வளைவுகளுக்கு இடையேயான தூரம், தாளின் தடிப்பு, தாளுக்குச் சொல்லப்படும் ஆயுள் ஆகிய ஐந்தும் விற்பனைப் பக்கத்திலோ விலைப்பட்டியலிலோ எழுத்தில் இருந்தால், அவை தெரிவுக்கு அளவுகோலாகின்றன. பொருள் பழுதானால் அவையே சான்றாகவும் ஆகின்றன. அவற்றை எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் விடுவது, எந்தச் சட்டப் பரிகாரத்தையும்விட மலிவான பாதுகாப்பு.

குழாயின் விட்டத்தை மட்டும் பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு, சுவரின் தடிப்பைச் சொல்லாமல் விடுவது மலிவுக் குடில் விளம்பரங்களில் அடிக்கடி காணும் வழக்கம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு குழாய்களில் ஒன்றின் சுவர் 1 மில்லிமீட்டராகவும் மற்றதன் சுவர் 2 மில்லிமீட்டராகவும் இருந்தால், வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஆனால் முதலாவது மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 கிலோவும், இரண்டாவது 1.1 கிலோவும் இருக்கும். இதிலிருந்து எளிய சோதனை ஒன்று பிறக்கிறது. 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட குடிலில், 2 மீட்டர் இடைவெளியில் நான்கு வளைவுகளும் ஒரு முகட்டுக் குழாயும் இருப்பதாகக் கொண்டால், மொத்தக் குழாய் நீளம் சுமார் 30 மீட்டர் வரும். தடித்த குழாயானால் இரும்பு மட்டும் 30 கிலோவைத் தாண்ட வேண்டும். கதவுச் சட்டமும் தாளும் அதற்கு மேல். பெட்டியின் மொத்த எடை 25 கிலோ என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்குமானால், மேலே பெரிய எழுத்தில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மெல்லிய குழாய்தான். சொல்லை நீட்டுவது எளிது. அஞ்சல் கட்டணத்தைத் தீர்மானிக்கும் எடையைப் பொய்யாக எழுதுவது அவ்வளவு எளிதன்று.

துருப்பிடிக்காதிருக்க இரும்பின் மேல் பூசும் துத்தநாகப் பூச்சும் அவ்வாறே இருவகை. குழாயாக உருட்டிய பின் உருகிய துத்தநாகத்தில் முழுவதுமாக அமிழ்த்தி எடுத்தால் உட்புறமும் பூச்சு பெறும். பூசிய தகட்டை வளைத்துக் குழாயாக்கினால் பற்றவைத்த கோடும் வெட்டிய முனையும் பலவீனமான இடங்களாக எஞ்சும். மண்ணுக்குள் இறங்கும் அடித்தளக் குழாய்களுக்கு முதல்வகைப் பூச்சே தகும்.

தாளைப் பொறுத்தவரை பிரித்தானிய விற்பனையாளர்கள் ‘கேஜ்’ என்ற பழைய அளவையும் ‘மைக்ரான்’ என்ற அளவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றனர்; 4 கேஜ் ஏறத்தாழ 1 மைக்ரான். தோட்டக் குடில்களுக்குப் பொதுவாகப் போர்த்தப்படுவது 720 கேஜ் அல்லது 800 கேஜ் தாள், அதாவது 180 அல்லது 200 மைக்ரான். தடிப்பைவிட முக்கியமானது, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் பாலித்தீனை நொறுக்கிவிடாமல் காக்கும் வேதிச்சேர்க்கை. அது இல்லாத கட்டிடத் தாள் அதே தடிப்பில் இருந்தாலும் ஓரிரு கோடைகளில் உலர்ந்த சருகுபோல் கிழியும். ஒளியைச் சிதறடித்து நிழல் விழாமல் பரப்பும் தாள், இரவில் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும் தாள், உட்புறத்தில் நீர்த்துளி சொட்டாமல் படலமாக வழியச்செய்யும் தாள் என வகைகள் உண்டு. முதல் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பது பெரும்பாலும் வீண்போகாது. பிற வகைகள் சாகுபடி செய்பவரின் தேவையைப் பொறுத்தவை. மலிவுக் குடில்களில் வரும் பச்சைக் கட்டம்போட்ட பின்னல் தாள் கையால் இழுத்துப் பார்க்கும்போது வலிமையாகத் தோன்றும். ஆனால் அத்தகைய தாள் சதுர மீட்டருக்கு 140 கிராம் அளவில் விற்கப்படுவதையும், 200 மைக்ரான் பாலித்தீன் அதே பரப்புக்கு 180 கிராமுக்கு மேல் வருவதையும் ஒப்பிட்டால், கையின் தீர்ப்பு எவ்வளவு தூரம் நம்பத்தகாதது என்பது விளங்கும்.

தாள் எங்கே முதலில் கிழிகிறது என்பதை உற்றுநோக்கினால் குடிலின் தரம் முழுவதும் அங்கே தெரியும். வெயிலில் சூடேறும் இரும்புக் குழாயின் முதுகோடு தாள் ஒட்டிக்கிடக்கும் கோட்டில்தான் பாலித்தீன் முதலில் மஞ்சளித்து, கடினமாகி, பிளக்கிறது. இதைத் தடுக்கக் குழாயின் மேல் வெண்ணிற நுரைப் பட்டை ஒட்டப்படுகிறது. அது இரும்பின் சூட்டைத் தாளிலிருந்து பிரிப்பதோடு, காற்றில் தாள் உராய்வதையும் தணிக்கிறது. பெட்டியில் இந்தப் பட்டை இல்லாவிட்டால் அது தனியாக வாங்கவேண்டிய பொருள். அதைப் பொருத்தாமல் போர்த்தினால் தாளுக்கான உத்தரவாதம் செல்லாது என்று சில உற்பத்தியாளர்கள் நிபந்தனை விதிக்கின்றனர். பிவிசி குழாயும் கந்தகப் புகையும் தாளின் புறஊதாக் காப்பைக் கெடுப்பவை என்பதால், குடிலுக்குள் கந்தகத் திரி கொளுத்துவதும் உத்தரவாதத்தை இழக்கும் வழிகளுள் ஒன்று. உத்தரவாதப் படிவத்தின் விலக்குகளைப் பொருள் வாங்கிய பின்னர் படிப்பதே பெரும்பாலோர் வழக்கம். அதை முன்னரே படிப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

இலண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் அலாட்மென்ட் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வெண்டை, கத்தரி, மிளகாய் மட்டுமன்றிப் பாகலையும் புடலையையும் குடிலுக்குள் ஏற்றுவதால், அவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. வளைவின் இரு தோள்களையும் குறுக்காக இணைக்கும் சட்டத்தைக் ‘கிராப் பார்’ என்பர். கொடியின் எடையை அதன்மேல் தொங்கவிடலாமா, எவ்வளவு தொங்கவிடலாம் என்பதை விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும். காய்த்த புடலைக் கொடியின் சுமை, தக்காளிச் செடியைக் கணக்கிட்டு வடிவமைத்த மெல்லிய சட்டத்துக்கு மிகை. காற்றோட்டமும் இங்கே கவனத்துக்குரியது. ஒரு முனையில் மட்டும் கதவுள்ள நீண்ட குடில் கோடையில் அடுப்பாகிறது. 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தக்காளிப் பூவில் மகரந்தம் செயலிழக்கும். ஈரக்காற்று வெளியேறாத இலையுதிர் காலத்தில் சாம்பல் பூஞ்சணம் பரவும். இரு முனைகளிலும் கதவு, நீளம் கூடினால் பக்கவாட்டில் வலைச் சாளரம் என்பது குறைந்தபட்சத் தேவை.

இவை அனைத்தையும்விடப் பெரிய இடர் காற்று. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை அழுத்தும் விசை சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பக்கத்தை அது தாக்கும்போது, வளைவினால் ஓரளவு வழுகிப் போனாலும், 25 கிலோ எடையுள்ள குடிலை அதன் எடை ஒருபோதும் தாங்கிப்பிடிக்காது. பிடித்திருப்பது மண்தான். வளைவின் கால்கள் நுழையும் அடித்தளக் குழாய்கள் அரை மீட்டருக்கும் மேல் மண்ணுக்குள் இறங்கியிருத்தல், மண் இளகியதானால் குழாயின் அடியில் நங்கூரத் தகடு இருத்தல், தாளின் கீழோரத்தைச் சுற்றிலும் வெட்டிய சுமார் 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள அகழியில் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே குடிலை நிலத்தோடு பிணைக்கின்றன. கூடார ஆணிகளையும் கயிற்றையும் மட்டும் கொண்டு வரும் பெட்டி, அதன் குழாய் எவ்வளவு தடித்ததாயினும், திறந்த வெளிக்குரியதன்று. தாளை வெதுவெதுப்பான, காற்றில்லாத நாளில் போர்த்த வேண்டும் என்பதும் சடங்கன்று: வெப்பத்தில் தளர்ந்து இழுபட்ட தாள் குளிர்ந்ததும் பறைத்தோல்போல் விறைத்து நிற்கும், தளர்ந்த தாள் படபடத்தே கிழியும்.

காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வீசும் நாட்டில் அத்திசையை மட்டும் கருதிக் குடிலைத் தாங்கிகளால் வலுப்படுத்துவது இயல்பு. 2021 நவம்பர் 26 அன்று வந்த ஆர்வென் புயலோ வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசி, நார்தம்பர்லாந்தின் பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 98 மைல் வேகத்தை எட்டியது. தென்மேற்குக் காற்றுக்கு வேரூன்றிப் பழகிய மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. மூலைகளில் சாய்வுத் தாங்கிகள் இரு திசைகளுக்கும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. புயல் சேதத்தை ஏறக்குறைய எல்லா உத்தரவாதங்களும் விலக்குகின்றன. வீட்டுக் காப்புறுதியிலும் தோட்டக் குடிலுக்கு இடம் உண்டா என்பதைப் பத்திரத்தில் தேடிப்பார்க்க வேண்டும். பறந்து சென்ற குடில் அயலாரின் வண்டியையோ கூரையையோ உடைத்தால், அது போதிய பிடிமானமின்றி நிறுத்தப்பட்டிருந்தது நிறுவப்படும்பட்சத்தில், கவனக்குறைவுக்கான இழப்பீட்டுப் பொறுப்பு உரிமையாளருடையது. அலாட்மென்ட் சங்கங்கள் பல இத்தகைய மூன்றாம் தரப்புப் பொறுப்புக்குக் கூட்டுக் காப்புறுதி வைத்துள்ளன. அது உறுப்பினரின் குடிலையும் உள்ளடக்குகிறதா என்பது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி.

பழுதான பொருளுக்கான உரிமைகளின் அடித்தளம் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். கடைக்காரரிடமிருந்து சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருள் நிறைவான தரமும், சொல்லப்பட்ட நோக்கத்துக்குத் தகுதியும், விவரித்ததோடு பொருத்தமும் உடையதாக இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது; தரம் என்பதில் நீடித்துழைத்தலும் அடங்கும். குறையுள்ள பொருளை முதல் 30 நாள்களுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம்; நிறுவித் தருவதாகவும் விற்பனையாளர் ஒப்பியிருந்தால், நிறுவி முடித்துத் தெரிவித்த பின்னரே அந்த நாள்கணக்கு தொடங்கும். அதன் பின்னர் பழுதுபார்த்தல் அல்லது மாற்றுப்பொருள் கோரலாம். அது ஒருமுறை செய்தும் தீராவிட்டால் விலைக்குறைப்போ, பொருளைத் திருப்பித் தந்து பணமோ கேட்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, வாங்கியபோதே இருந்ததாகச் சட்டம் கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விற்பவரின் தலையில். ஆறு மாதம் கடந்தால் அந்தச் சுமை வாங்கியவரின் தோளுக்கு மாறுகிறது, இங்கேதான் எழுத்திலுள்ள எண்கள் கைகொடுக்கின்றன. ஐந்தாண்டு உழைக்கும் என்று எழுதி விற்ற தாள் மூன்றாம் ஆண்டில் பிளந்தால், பிளந்த இடத்தின் ஒளிப்படம், வெட்டி வைத்த ஒரு துண்டுத் தாள், நுரைப் பட்டை ஒட்டியிருந்ததைக் காட்டும் படம், அன்றைய விற்பனைப் பக்கத்தின் நகல் ஆகியவை வழக்குக்குப் போதிய சான்றாகக்கூடும். ‘நீண்டகாலம் உழைக்கும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து வாதிடுவது கடினம். இங்கிலாந்திலும் வேல்சிலும் இக்கோரிக்கையை ஆறு ஆண்டுகளுக்குள்ளும், ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் எழுப்ப வேண்டும். இது வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பே தவிர, எல்லாப் பொருளும் ஆறாண்டு உழைக்க வேண்டும் என்ற உத்தரவாதமன்று. உற்பத்தியாளரின் உத்தரவாதம் இவ்வுரிமைகளுக்கு மேல் சேர்வது. அது காலாவதியாகிவிட்டது என்று சொல்லி விற்பனையாளர் தம் சட்டப்பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

இணையத்தில் வாங்கியவருக்கு 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகள் வேறோர் உரிமையைத் தருகின்றன: பொருள் கையில் வந்த நாளுக்குப் பின் 14 நாள்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். குழாய்களும் தாளும் தனித்தனிப் பெட்டிகளில் வெவ்வேறு நாள்களில் வந்தால் கடைசிப் பெட்டி வந்த நாளே கணக்குக்கு எடுக்கப்படும். ஆயினும் வாங்குபவர் கேட்ட அளவுக்கென்று தனியாக வெட்டித் தயாரித்த குடிலுக்கு இவ்வுரிமை இல்லை. ஆராய்ந்து பார்ப்பதற்குத் தேவையான அளவைத் தாண்டிக் கையாண்டதால் பொருளின் மதிப்பு குறைந்தால், அந்த அளவு பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் விற்பனையாளருக்கு இடமுண்டு. ஆதலால் பெட்டி வந்ததும் செய்யவேண்டியது குழாயை மண்ணில் அறைவதன்று. வெட்டுமுனையில் அளவுகோல் வைத்துச் சுவரின் தடிப்பை அளப்பதும், தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் விவரத்தைப் படம் எடுப்பதும், உதிரிகளை எண்ணுவதும்தான்.

பணம் செலுத்தும் முறையும் ஒரு பரிகாரமே. ஒரு பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டி 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியாவது கடனட்டையால் செலுத்தப்பட்டிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி விற்பனையாளரோடு அட்டை நிறுவனமும் சமமாகப் பொறுப்பேற்கிறது. விற்ற நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் அட்டை நிறுவனத்திடம் கேட்கலாம். பல விற்பனையாளர்களைத் திரட்டிவைத்திருக்கும் இணையச் சந்தைகள் வழியாகப் பணம் சென்றால் இந்தச் சங்கிலி அறுந்துவிடக்கூடும் என்பது கவனத்துக்குரியது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் சட்டம் சாதகமாக இருந்தும் அதை நிறைவேற்றுவது அரிதாகிறது. தனியாரிடமிருந்து பழைய குடில் வாங்குபவருக்கோ, விவரித்ததோடு பொருந்த வேண்டும் என்ற ஒன்றைத் தவிரப் பெரிய பாதுகாப்பு கிடையாது. விளம்பரப் பக்கத்தின் கீழே குவியும் ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளைப் பொறுத்தமட்டில், போலி மதிப்புரைகளை வெளியிடுவது 2025 ஏப்ரல் 6 முதல் பிரித்தானியாவில் வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. தடை இருப்பது வேறு, பாராட்டை நம்புவது வேறு. குடில் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பின் எழுதிய மதிப்புரையே மதிப்புள்ளது.

முறையிடுவதற்கு முதற்படி, எந்த எண் பொய்த்தது, எந்தப் பரிகாரம் வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்று குறிப்பிட்டு விற்பனையாளருக்கு எழுதும் கடிதம். பயனில்லையெனில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவித் தொடர்பு வழிகாட்டுவதோடு, உரிய புகாரை உள்ளாட்சி வணிகக் கண்காணிப்புத் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் அனுப்புகிறது. இறுதியாக, 10,000 பவுண்டு வரையிலான வழக்குகளை வழக்கறிஞரின்றித் தாமே நடத்தக்கூடிய சிறுவழக்கு நடைமுறை அங்கு உள்ளது. ஸ்காட்லாந்தில் இதற்கு ஒப்பான எளிய நடைமுறையின் வரம்பு 5,000 பவுண்டு.

நல்ல குடிலையும் தவறான இடத்தில் நிறுத்தினால் அகற்ற நேரும். இங்கிலாந்தில் தனிவீட்டின் தோட்டத்தில் அமைக்கும் குடிலுக்குப் பொதுவாகத் தனித் திட்டமிடல் அனுமதி தேவையில்லை. ஆனால் வளைந்த கூரையுள்ள குடில் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது, வீட்டின் முகப்புக்கு முன்னால் நிற்கக் கூடாது, எல்லாத் துணைக் கட்டுமானங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிய நிலத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இச்சலுகை இல்லை. பாலித்தீனும் குழாயும்தானே, இதைக் கட்டுமானம் என்று யார் சொல்வார்கள் என்ற வாதத்தைச் சரே மாவட்டத்தின் ஒரு பெரிய பழப்பண்ணை தொடர்பான வழக்கில் 2006ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அளவு, நிலைத்திருக்கும் தன்மை, நிலத்தோடு உள்ள பிணைப்பு ஆகிய மூன்றையும் பார்த்தே அது முடிவு செய்தது.

அலாட்மென்டில் வீட்டுத் தோட்டத்துக்கான சலுகை செல்லாது. அங்கே ஆட்சி செய்வது குத்தகை ஒப்பந்தம். ஏறத்தாழ 250 சதுர மீட்டர் கொண்ட முழுத் துண்டில் எவ்வளவு நீளத்துக்குக் குடில் அமைக்கலாம், எந்த உயரம், எந்த நிறம் என்பவற்றை ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே வகுத்துள்ளதால், பணம் கட்டுவதற்கு முன் எழுத்து அனுமதி பெறுவது கட்டாயம். வாய்மொழி அனுமதி, சங்கச் செயலாளர் மாறியதும் காற்றோடு போய்விடும். குத்தகை முடியும்போது, தாமே கட்டிய கொட்டகையையும் பசுமைக்குடிலையும், அவற்றுக்கு இழப்பீடு கோரும் உரிமை இல்லாத நிலையில், குத்தகை முடிவதற்குள் பிரித்தெடுத்துச் செல்ல 1908ஆம் ஆண்டு சிறுநில, அலாட்மென்ட் சட்டத்தின் 47ஆம் பிரிவு குத்தகைதாரருக்கு இடமளிக்கிறது. மண்ணில் அறைந்த அடித்தளக் குழாயைப் பிடுங்கி எடுத்துச் செல்லலாம். கான்கிரீட்டில் ஊன்றியதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் அகற்றும் செலவை மன்றம் பழைய குத்தகைதாரரிடமே கேட்கக்கூடும் என்பதால், பல ஒப்பந்தங்கள் கான்கிரீட்டை அறவே தடைசெய்திருப்பது அவருக்கும் ஒருவகையில் நன்மையே.